ஏரிக்கரை பெஞ்சில் ஒரு மஞ்சள் பை

உலகத்துப் பணமெல்லாம் படுத்துத் தூங்கும் ஊர் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அதனால் சூரிச்சின் வங்கித் தெருவில் குறைந்தது நாற்பது மாடிக் கட்டடங்களாவது இருக்கும், அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் என்று நினைத்துப் போனேன். பார்த்தால் எல்லாம் ஐந்து மாடி. சாம்பல் நிறக் கல், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி, வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயர்ப் பலகை. எங்கள் தலைமை அலுவலகத்தை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை வாசற்காவலரே இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

நான் சிங்கப்பூர்க்காரி. ஷென்டன் வே என்ற எங்கள் ஊர் வங்கித் தெருவில், ஒரு சுவிஸ் வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை. எங்கள் ஊரில் ஒரு வங்கி கட்டடம் எழுப்பினால் அடுத்த வங்கி அதைவிட இரண்டு மாடி கூட்டிக் கட்டினால்தான் அதற்குத் தூக்கம் வரும். எண்பதுகளின் நடுவில் ராஃபிள்ஸ் பிளேஸ் முழுக்க எம்ஆர்டி சுரங்க ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தகரத் தடுப்புகளுக்கு நடுவே, ஹை ஹீல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பலகை மேல் நடந்துதான் அலுவலகம் போவோம். அந்தத் தூசியும் இரைச்சலும் பழகிய காதுக்கு, சூரிச்சின் வங்கித் தெரு ஏதோ பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது.

ஒரு வாரப் பயிற்சி. என்னை வரவேற்றவர் பிரன்னர். ஆறு வருடமாக எனக்குப் பழக்கமானவர், ஆனால் குரலாக மட்டும். மாலையில் நாங்கள் கடையைக் கட்டும் நேரம் சூரிச்சில் கடை திறக்கும். அன்றைய வியாபாரத்தைத் தொலைபேசியில் நான் சொல்லச் சொல்ல அந்த முனையில் வாங்கிக்கொள்பவர் அவர். கரகரத்த குரல். அதை வைத்து ஆறடி உயரம், பெரிய மீசை என்று நான் ஆளை முடிவு செய்து வைத்திருந்தேன். வந்து கைகுலுக்கியவர் என் தோளுயரம், மீசையும் கிடையாது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்கள் குரல் இன்னும் குண்டாக இருந்ததே" என்றார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பயிற்சி அலுவலகத்துக்காக. எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தோ பாயோ பேட்டையில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் மேல்மாடியில் இருக்கும் புளோரா அக்கா மன்னாரில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய தம்பி மகன் அன்ரன் அகதியாக சுவிஸ் வந்து, லுசேர்ன் பக்கத்தில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் ஒரு ஆலையில் வேலை செய்கிறார். அந்தச் சனிக்கிழமை அவருக்குக் கல்யாணம். மன்னாரில் இருக்கும் அன்ரனின் அம்மாவுக்கு வர வழியில்லை. தன் கைக் காப்பைக் கழற்றி, சிங்கப்பூர் வந்த ஒரு கன்னியாஸ்திரியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். புளோரா அக்கா அதைச் சிராங்கூன் சாலை ஆசாரியிடம் கொண்டுபோய், பக்கத்தில் நின்று உருக்கவைத்து, தாலியாக்கி, கூடவே ஒரு கூறைச் சேலையும் எடுத்துவிட்டார். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நான்.

தாலியை என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை.

"கைப்பையைத்தான் கள்ளன் முதல்ல பாப்பான், பிள்ளை. தூள் டின்னை ஆர் பாக்கப்போறான்?"

அப்படியாக அந்தத் தாலி ஒரு சின்னத் துணிப்பையில் முடிச்சிடப்பட்டு, பழைய பால்மா டின் ஒன்றில், வறுத்து இடித்த மிளகாய்த்தூளுக்குள் புதைக்கப்பட்டது. டின்னும் சேலையும் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையில். பார்ப்பவர்களுக்கு அது சந்தைக்குப் போய் வந்த பை. புளோரா அக்கா போட்ட வேஷம் எவ்வளவு கச்சிதம் என்றால், இரண்டு நாளில் நானும் அதைச் சந்தைப் பை மாதிரியே தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வங்கியின் உணவுக்கூடத்தில் சாப்பாடு. எங்கள் உணவங்காடியில் மதிய வேளையில் இடம் கிடைப்பது பெரிய காரியம். முதலில் இடம் பிடிக்க வேண்டும், பிறகுதான் மீ கோரெங் நூடுல்ஸா தோசையா என்று யோசிக்க வேண்டும். நாற்காலியில் ஒரு குடையோ கைக்குட்டையோ, அதுவும் இல்லாவிட்டால் ஒரு பேனாவோ வைத்துவிட்டுப் போனால் போதும். நாலு கடை வரிசையில் நின்று வந்தாலும் இடம் அப்படியே இருக்கும். இதை 'சோப்' பண்ணுவது என்போம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அது ஒரே சொல், ஒரே சட்டம்.

அதே பழக்கத்தில் ஜன்னலோர நாற்காலி ஒன்றில் என் சிவப்புக் குடையை வைத்துவிட்டுத் தட்டோடு திரும்பினேன். நாற்காலியில் கடன் பிரிவு மேலாளர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குடையைக் காணோம். நான் திகைத்து நிற்பதைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, யாரோ குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், பத்திரமாக வாசலில் ஒப்படைத்துவிட்டேன் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. மறந்த பொருளை உரியவரிடம் சேர்ப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் ஆர்வத்தைக் கண்டு அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு வேறு இடம் தேடிப் போனேன்.

புதன்கிழமை மழை. நடக்காமல் டிராமில் போகலாம் என்று நிறுத்தத்தில் நின்றேன். நீலமும் வெள்ளையுமாக ஒரு டிராம் வந்து என் முன்னால் நின்றது. கதவு திறக்கும் என்று காத்திருந்தேன். உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். டிராம் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் ஒரு பாட்டி என்னை விலக்கிவிட்டுக் கதவோரப் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. ஏறியதும் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் விளக்கினார். "இந்த ஊரில் கேட்காமல் எதுவும் திறக்காது என்கிறார்." வங்கிகளையும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ.

வியாழக்கிழமை பிரன்னர் தெருவைச் சுற்றிக் காட்டினார். எங்கள் ஊரில் தரகர்கள் கத்துகிற கத்தலில் ஜன்னல் அதிரும். இங்கே கோடிகள் கைமாறும் அறையில் ஒருவர் தும்மினாலும் மற்றவர்கள் வாழ்த்துச் சொல்கிறார்கள். நடைபாதையில் சட்டென நின்று, "உங்கள் காலுக்குக் கீழேதான் தங்கமெல்லாம் இருக்கிறது என்பார்கள்" என்றார் பிரன்னர், கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில். நான் குனிந்து பார்த்தேன். வெறும் கல். ஹோட்டல் அலமாரியில் மிளகாய்த்தூளுக்குள் கிடக்கும் என் பங்குத் தங்கத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அன்று மாலை அன்ரன் ஹோட்டலுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக்கு அரைநாள் லீவு எடுத்திருக்கிறன் அக்கா. பாங்குத் தெரு முடியிற இடத்திலை ஏரி. கப்பல் துறைக்கு முன்னாலை வாங்குகள் போட்டிருக்கும். அதிலை இருங்கோ, மத்தியானம் வாறன்."

வாங்கு என்பது பெஞ்சு என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆனது.

வெள்ளிக்கிழமை அந்த வருடத்தின் முதல் வெயில். ஊரே வேறாகிவிட்டது. ஐந்து மாடிக் கட்டடங்களில் இருந்த அத்தனை சாம்பல் நிறக் கோட்டுகளும் ஏரிக்கரைக்கு வந்து, கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் வெயிலைக் கண்டால் செய்தித்தாளைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இவர்கள் அதற்காக வரிசையில் நிற்கிறார்கள். பெஞ்சு எதிலும் இடமில்லை. ஒன்றில் மட்டும் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளுக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

ஆலையிலிருந்து நேரே வருகிற பையன், பசியோடு வருவானே என்று தோன்றியது. எதிரே ஒரு வண்டியில் சூடான சீஸ் பணியாரம் விற்றார்கள். எழுந்தால் இடம் போய்விடும். என் கை மூளையைக் கேட்கவில்லை. மஞ்சள் பையைப் பெஞ்சில் வைத்தது. நான் வரிசைக்குப் போனேன். வரிசை வண்டியைச் சுற்றி வளைந்து அந்தப் பக்கம் போனதால், கொஞ்ச நேரம் பெஞ்சு என் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இரண்டு பணியாரங்களோடு திரும்பினேன். அந்த அம்மாள் இருந்தார், நாய்க்குட்டி இருந்தது. பை இல்லை. அதன் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பெஞ்சுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். அம்மாளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. கவலைப்படாதீர்கள் என்பது போல் என் கையைத் தட்டினார்.

"உங்கள் தோழி மறந்துவிட்டுப் போன பைதானே? ஒரு நல்ல மனிதர் எடுத்துக்கொண்டு ஓடிப்போய், அவள் ஏறின டிராமுக்குள் போட்டுவிட்டார்."

"தோழியா? யார்?"

"உங்கள் ஆசியப் பக்கத்துப் பெண். நீங்கள் போன பிறகு இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். கறுப்புத் தலைமுடி. டிராம் பாலத்துப் பக்கம் போனது."

அந்த நல்ல மனிதர் எப்படி இருந்தார் என்று கேட்டேன். உயரமாக, சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார் என்றார். சுற்றிலும் பார்த்தேன். கரை முழுக்க அவர்தான்.

அந்த நேரம் பார்த்து அன்ரன் வந்தார். மெலிந்த உடம்பு, புதிதாக முடி வெட்டிய கழுத்து. என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே வந்தவர் என் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் பணியாரம்.

"பை எங்கை அக்கா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, அழுதுகொண்டே சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வேறை தாலி வாங்கலாம் அக்கா. அம்மான்ரை காப்பு வாங்கேலாது."

பிறகு சட்டென்று எழுந்தார். "வாங்கோ. அழுதுகொண்டு நிண்டால் டிராம் திரும்பி வராது."

அடுத்த டிராமில் ஏறினோம். பொத்தானை நானே அழுத்தினேன், குத்தினேன் என்றே சொல்லலாம். அன்ரன் ஓட்டுநரிடம் போய்த் தன் ஆலை ஜெர்மன் மொழியில் கதையைச் சொன்னார். ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. ஓட்டுநர் அந்தப் பலகையைக் காட்டினார். அன்ரன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, 'நாளைக்கு' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநர் வானொலிக் கருவியை எடுத்து முன்னால் போகும் டிராமைக் கூப்பிட்டார். டிராமில் இருந்த அத்தனை பேரும் செய்தித்தாளை மடித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கருவி கரகரத்தது. அன்ரன் எனக்கு மொழிபெயர்த்தார். "மஞ்சள் பைப் பெட்டை பாலம் தாண்டி இறங்கீட்டாளாம். எதிர்ப் பக்கத்து டிராமிலை ஏறினவளாம். நல்ல அவசரமாம்."

"அவசரமா எங்கே போனா?"

"அதை ஆர் கண்டது அக்கா. பையோடை எங்கையும் போகலாம்."

இறங்கி, எதிர்ப் பக்கத்து டிராமில் ஏறித் திரும்பினோம். அந்தப் பாலத்தின் மேல் போகும்போது ஒரு பக்கம் ஏரி, தூரத்தில் பனி மலை, வெள்ளைக் கப்பல். படத்தில் பார்த்து நான் ஏங்கிய காட்சி. ஒன்றையும் பார்க்கவில்லை. அன்ரனின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் இருக்கைக் கம்பியை நகம் வெளுக்கப் பிடித்திருந்தார். பணியாரம் இரண்டும் என் மடியில் ஆறிப்போய்க் கிடந்தன. மாதாவையும் வேண்டினேன், மாரியம்மனையும் வேண்டினேன். இரண்டு பேரில் யார் வந்தாலும் சரி என்று இருந்தது.

போலீசில் சொல்லலாம் என்று கப்பல் துறைப் பக்கம் நடந்தோம். வழியில் பழைய பெஞ்சு. நாய்க்குட்டி அம்மாள் எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், முதுகை நிமிர்த்திக் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அம்மாளுக்கும் நடுவில், நான் வைத்த அதே இடத்தில், மஞ்சள் பை.

ஓடினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"சோப்?"

தலையை ஆட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் பெயர் மெய் லிங். ஜோகூர்க்காரி, சிங்கப்பூரை மலேசியாவோடு சேர்க்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம். சுவிஸ் மலைகளில் எங்கடின் என்ற பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் பயிற்சி. பனிக்காலக் கூட்டம் முடிந்துவிட்டதால் விடுமுறையில் சூரிச் பார்க்க வந்தவள். எங்கள் ஊர்ப் பேச்சில் பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகக் கொட்டினாள்.

"டிராமில் ஏறினேன். ஒரு வெள்ளைக்காரர் ஓடி வந்து என் மடியில் இதைப் போட்டுவிட்டுக் கையாட்டுகிறார். கதவு மூடிவிட்டது. திறந்து பார்த்தால் சேலை, ஒரு டின். டின்னைத் திறந்தேன், தும்மித் தும்மி உயிர் போனது. நான் உட்கார்ந்து எழுந்த பெஞ்சில் இருந்த பை, சாப்பாட்டு நேரம். எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ நம் ஊர் ஆள் இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பையைக் காணாவிட்டால் செத்துப்போவாளே என்று இறங்கி ஓடி வந்தேன். இரண்டு பேர் உட்கார வந்தார்கள், விடவில்லை."

நாய்க்குட்டி அம்மாள் அதை ஆமோதித்துத் தலையசைத்தார்.

அன்ரன் இதையெல்லாம் கேட்கவில்லை. டின்னைத் திறந்து கையை மணிக்கட்டு வரை விட்டுத் துழாவினார். துணிப்பை வந்தது. முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, தாலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சிவப்புத் தூள் ஒட்டிய சின்னத் தாலி, நடுவில் கத்தோலிக்கத் தாலிக்குரிய ஒரு புறா. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தார். அப்புறம் கேட்கவா வேண்டும். தூளுக்கும் அழுதார், தாலிக்கும் அழுதார், எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. நானும் அழுதேன், மெய் லிங்கும் அழுதாள். சாம்பல் கோட்டுக்காரர்கள் வெயிலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அம்மாள் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார், அன்ரன் முகம் கழுவினார்.

ஆறிப்போன இரண்டு பணியாரத்தை மூன்று பேரும் பிய்த்துத் தின்றோம். டின்னிலிருந்து கொஞ்சம் தூளை மேலே தூவிக்கொண்டோம். அந்த வாரம் முழுவதும் நான் சாப்பிட்டதில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அம்மாளும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார், முகம் சிவக்க இருமிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

"நாளைக்கு நீங்களும் வரவேணும்" என்று மெய் லிங்கிடம் தமிழிலேயே சொன்னார் அன்ரன். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

சனிக்கிழமை இருவரும் ரயிலில் போனோம். எம்மன்புரூக்கேயில் புகைபோக்கிகளும் ஆலைச் சுவர்களும் தாண்டி ஒரு பெரிய கத்தோலிக்கக் கோயில். உள்ளே ஒரு பக்கம் தமிழர்கள், தூரத்து லோசானிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். மறு பக்கம் அன்ரனோடு ஆலையில் வேலை செய்யும் சுவிஸ்காரர்கள், குடும்பம் குடும்பமாக. நிற்கத்தான் இடம் இருந்தது. பின்னால் ஒதுங்கப் போன எங்களை ஒரு பெரியவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அன்ரனோடு அறையில் இருப்பவர், எல்லோருக்கும் சூசை அண்ணை.

முதல் வரிசையில் மூன்று பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை விரித்திருந்தது.

"மாப்பிள்ளை விடியவே வந்து லேஞ்சி போட்டு வைச்சவர். இது அவரின்ரை அம்மா இருக்கவேண்டிய இடம்" என்றார் சூசை அண்ணை. "காப்பைக் கொண்டுவந்து சேர்த்த நீங்கள்தான் அதிலை இருக்கவேணுமாம்."

அந்தக் கைக்குட்டையை எடுக்கக் கை வரவில்லை. மெய் லிங்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதற்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நடுவில் கைக்குட்டை அப்படியே இருந்தது.

மணமகள் றெஜினா வெள்ளைச் சேலையில் வந்தாள். தாலியையும் கூறையையும் தட்டில் வைத்துப் பாதிரியார் முன்னால் கொண்டுபோனார்கள். சுவிஸ் பாதிரியார், வயதானவர். தாலியை மூன்று தரம் கழுவியதாக அன்ரன் சொல்லியிருந்தார். கூறைச் சேலையை யாரும் உதறவில்லை போலிருக்கிறது. தீர்த்தம் தெளிக்கக் குனிந்த பாதிரியார் ஒரு தும்மல் தும்மினார், கோயில் கூரை அதிர்ந்தது. அடுத்து இரண்டு தும்மல். சுவிஸ் பக்கம் முழுவதும் ஒரே குரலில் அவருக்கு வாழ்த்துச் சொன்னது. தமிழ்ப் பக்கம் சிரிப்பில் குலுங்கியது. றெஜினா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சந்தடியில், தாமதமாக வந்த ஒரு சுவிஸ் பெண்மணி பூங்கொத்தோடு எங்கள் வரிசைக்கு வந்தார். கைக்குட்டை கிடந்த இடத்தைக் காட்டி, காலியா என்று சைகையில் கேட்டார்.

நானும் மெய் லிங்கும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன்.

"இல்லை. ஆள் இருக்கிறது."

அவர் கைக்குட்டையை ஒரு முறை பார்த்தார். எடுத்து எங்கேயும் ஒப்படைக்கவில்லை. தலையசைத்துவிட்டுப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். தாலியைக் கையில் எடுத்த அன்ரன், எங்கள் பக்கம் திரும்பி அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கட்டினார்.